பிஎச் சென்சார் காலையில் சரி, சாயங்காலம் தப்பு: எங்கே கோளாறு?

கேள்வி இதுதான். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஈடிபி, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். ஆசிட் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவரும் டேங்கில் பிஎச் சென்சார் தொங்குகிறது. தினமும் காலையில் கைமீட்டரில் பார்த்து, பேனலிலும் அதே எண்ணை வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் பேனல் 7.1 என்கிறது, கைமீட்டர் 8.2 என்கிறது. சென்சார் மூன்று மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இல்லாதபோது கழற்றி, சுத்தமான ஆர்ஓ தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். ஆசிட் விழும் பைப்புக்குப் பக்கத்திலேயே சென்சார் இருக்கிறது. விற்றவர் "கேலிப்ரேஷன் பண்ணுங்க" என்கிறார், அதாவது பிஎச் தெரிந்த கரைசலில் வைத்து அளவைச் சரிசெய்யச் சொல்கிறார். முதலாளி "கம்பெனியை மாத்து" என்கிறார். பொருத்துவதிலிருந்து பராமரிப்பு வரை எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கம்பெனியை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. நீங்கள் எழுதியதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன: சென்சார் இருக்கும் இடம், தினமும் எண்ணைப் பொருத்திவிடும் பழக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆர்ஓ தண்ணீர். இந்த மூன்றும் இருக்கும்வரை எந்த நாட்டுச் சென்சாரை வாங்கி மாட்டினாலும் அதே மூன்று மாதம்தான்.

முதலில் ஒரு சின்ன வேலை. கைமீட்டர் சரி, பேனல் தப்பு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? புதிதாக உடைத்த 7 பஃபரை (பிஎச் 7 என்று உறுதியாகத் தெரிந்த கரைசலை) பீக்கரில் ஊற்றி, டேங்க் சென்சாரையும் கைமீட்டரையும் சேர்த்து அதில் வையுங்கள். இரண்டும் 7 காட்டினால் இரண்டுமே நல்ல நிலையில்தான் இருக்கின்றன, கோளாறு டேங்கில். ஒன்று 7.6 காட்டினால் எது பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். பல ஈடிபி-களில் கைமீட்டர் மேஜை டிராயரில் மூடி இல்லாமல் காய்ந்து கிடக்கும். அதை வைத்துக்கொண்டு பேனலைத் திருத்துவார்கள்.

சென்சாருக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நுனியில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் ஒரு பாதி. தண்ணீரின் பிஎச்-க்குத் தக்கபடி மில்லிவோல்ட் தருவது அது. இன்னொரு பாதி ரெஃபரன்ஸ், அதாவது பொட்டாசியம் குளோரைடுக்குள் உட்கார்ந்திருக்கும் வெள்ளி–வெள்ளி குளோரைடு கம்பி. இந்த உப்புக்கரைசல் வெளித் தண்ணீரோடு தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொடர்புக்கான வழிதான் ஜங்ஷன்: குமிழுக்குப் பக்கத்தில் தெரியும் வெள்ளைப் புள்ளி, அல்லது குமிழைச் சுற்றியுள்ள டெஃப்லான் வளையம். பிஎச் 7-இல் சென்சார் தருவது சுமார் 0 மில்லிவோல்ட். ஆசிட் பக்கம் போனால் பிளஸ், கார பக்கம் போனால் மைனஸ். 25 டிகிரியில் ஒரு பிஎச்-க்கு 59.16 மில்லிவோல்ட், 30 டிகிரியில் 60.15. இதைத்தான் ஸ்லோப் என்கிறோம். 7-இல் பூஜ்யத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அது ஆஃப்செட்.

எல்லோரும் கண்ணாடியைத்தான் பார்க்கிறார்கள். சாயப்பட்டறையில் சென்சார் சாவது பெரும்பாலும் ரெஃபரன்ஸ் பக்கம்தான். உங்கள் கழிவுநீரில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ரியாக்டிவ் சாயத்துக்குப் போட்ட சோடா ஆஷ், கூடை கூடையாக உப்பு, வேட் சாயம் ஓட்டினால் ஹைட்ரோஸ், சல்ஃபர் சாயம் என்றால் சோடியம் சல்ஃபைடு. போதாததற்கு, காற்று சரியாகப் போகாத சேகரிப்புத் தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதுவும் சல்ஃபைடுதான். சல்ஃபைடு ஜங்ஷன் வழியாக உள்ளே போய் வெள்ளியைப் பிடித்துக்கொண்டு கருப்பாகப் படியும். வெள்ளையாக இருந்த ஜங்ஷன் கருத்திருந்தால் ரெஃபரன்ஸுக்கு விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஆஃப்செட் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். அதனால் அடுத்த முறை வாங்கும்போது டபுள் ஜங்ஷன் (ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஜங்ஷன்) உள்ளதா, அல்லது உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திடமான பாலிமர் அடைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். கம்பெனிப் பெயரைவிட இது முக்கியம்.

சரி, இடத்துக்கு வருவோம். ஆசிட் விழும் இடத்துக்குப் பக்கத்தில் சென்சார் இருந்தால் அது டேங்கை அளக்கவில்லை, இன்னும் கலக்காத ஆசிட்டை அளக்கிறது. அங்கே 7.1 இருக்கும், டேங்கின் மறுகோடியில் 8.2 இருக்கும். சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, அது நிற்கும் இடத்தைப் பற்றி. கைமீட்டருக்குத் தண்ணீர் எங்கிருந்து மொண்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அநேகமாக வழிந்தோடும் பக்கத்திலிருந்துதான் எடுத்திருப்பீர்கள். உங்கள் 1.1 வித்தியாசத்தில் பெரும்பங்கு இதுவாகவே இருக்கலாம். சென்சாரை வெளியேறும் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், கலக்கியின் ஓட்டம் வந்து சேரும் இடமாகப் பார்த்து. அதற்காக ரொம்பத் தூரமும் போகக்கூடாது. ஆசிட் விழுந்து, கலந்து, சென்சாருக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆனால் பம்ப் அதற்குள் தேவைக்கு மேல் கொட்டிவிடும். பிறகு 5-க்கு இறங்கும், அப்புறம் 9-க்கு ஏறும், நாள் முழுக்க ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

டேங்கில் தொங்கவிடும்போது, தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் நுனி நனைந்தே இருக்கும் ஆழம் வேண்டும். மிகக் குறைந்த மட்டத்திலிருந்தும் ஓர் அடி கீழே என்று வைத்துக்கொள்ளலாம். அடியில் சேறு படியும் இடம் வேண்டாம். பிளோயர் காற்று குமிழ் குமிழாக மேலே வரும் இடமும் வேண்டாம், நுரை மிதக்கும் மேல்மட்டமும் வேண்டாம். சென்சாரைப் பிடிக்கும் பிவிசி பைப்பின் மேல்வாயைச் சரியாக அடைக்காவிட்டால் மழைத்தண்ணீரும் ஆவியும் உள்ளே இறங்கி கனெக்டரில் தேங்கும். திரெட்டுக்கு டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். திருகும்போது கேபிளைக் கழற்றிவிட்டுத் திருகுங்கள். கேபிளோடு சேர்த்துச் சுற்றினால் உள்ளே கம்பி முறுக்கி அறுந்துவிடும், வெளியே ஒன்றுமே தெரியாது.

பைப் லைனில் போடுவதானால் சில விஷயம். சென்சாரைப் படுக்கவைத்து மாட்டக்கூடாது, தலைகீழாகவும் கூடாது. கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 15 டிகிரி சாய்வு இருந்து நுனி கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் குமிழுக்குள் இருக்கும் காற்று நுனிக்கு வந்து உட்காரும். பைப் எப்போதும் நிறைந்து ஓடும் இடம் வேண்டும், அதற்குத் தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும் பைப் நல்லது. பம்ப் நின்றாலும் தண்ணீர் தேங்கி நிற்கும்படி ஒரு வளைவு இருந்தால் சென்சார் காயாது. இரண்டு பக்கமும் வால்வு போட்ட பைபாஸ் வைக்கச் செலவு கொஞ்சம் ஆகும். ஆனால் அது இல்லாவிட்டால் ஆபரேட்டர் சென்சாரை வெளியே எடுக்கவே மாட்டார், எடுக்காத சென்சார் சுத்தமாகவும் இருக்காது.

வயரிங். இந்தக் கண்ணாடியின் மின்தடை நூற்றுக்கணக்கான மெகாஓம் வரை போகும். அதாவது அதிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு பலவீனமானது. கனெக்டரில் ஒரு துளி ஈரம், கைவியர்வை, இரண்டு வயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிய ஒட்டு, இதில் ஏதாவது ஒன்று போதும், சிக்னல் வழியிலேயே கசிந்துவிடும். கேபிளை வெட்டி முனை தயார் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிச் செம்புப் பின்னலை விலக்கினால் நடு வயரின் இன்சுலேஷன் மேல் ஒரு மெல்லிய கருப்புப் படலம் இருக்கும். அது பிளாஸ்டிக் மாதிரித்தான் தெரியும், ஆனால் மின்சாரம் கடத்தும். அதையும் உரித்துவிட்டு, உள்ளே வெள்ளை இன்சுலேஷன் மட்டும் தெரியும்படி விட வேண்டும். உரிக்காமல் அப்படியே டெர்மினலில் மாட்டினால் சிக்னல் பாதி அங்கேயே ஷார்ட் ஆகிவிடும், எந்த பஃபரில் வைத்தாலும் 7-ஐச் சுற்றியே காட்டும். இதைக் கண்டுபிடிக்காமல் புத்தம்புது சென்சாரைத் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர்.

மோட்டார், விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு சேர்த்து ஒரே ட்ரேயில் இதை இழுக்காதீர்கள். டிரான்ஸ்மிட்டர், அதாவது சென்சார் சிக்னலைப் படித்து எண்ணாகக் காட்டும் பேனல் பெட்டிக்குள் கேபிள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள், மழைநீர் கேபிளோடு வழிந்து உள்ளே போகாது. நீளம் 10 மீட்டருக்கு மேல் போகிறதென்றால் முன்பெருக்கி (சிக்னலைச் சென்சாரிலேயே பலப்படுத்தும் பகுதி) உள்ள சென்சாரோ டிஜிட்டல் சென்சாரோ வாங்குவது நல்லது. என்ட்ரஸ் ஹவுசர் கம்பெனியின் மெமோசென்ஸ் போன்றவற்றில் சென்சார் தலைக்கும் கேபிளுக்கும் நடுவே உலோகத் தொடர்பே இல்லை, காந்தத் தூண்டல் வழியாகத்தான் தகவல் போகிறது. ஈரம் பட்டாலும் கவலை இல்லை. கேலிப்ரேஷன் விவரமும் சென்சாரிலேயே பதிந்திருப்பதால் லேபில் வைத்துக் கேலிப்ரேட் செய்து, டேங்கில் கொண்டுபோய் மாட்டினால் போதும். விலை கூடத்தான். மழையில் நனையும் ஈடிபி-க்கு அந்த விலை தகும் என்பது என் கருத்து.

பீக்கரில் சரியாகக் காட்டி, டேங்கில் மட்டும் தப்பாகக் காட்டினால் இன்னொரு சோதனை இருக்கிறது. டேங்க் தண்ணீரையே ஒரு பிளாஸ்டிக் வாளியில் மொண்டு, சென்சாரை அதில் வையுங்கள். வாளியில் சரி, டேங்கில் தப்பு என்றால் தண்ணீரில் எங்கிருந்தோ மின்கசிவு இருக்கிறது. பழைய நீர்மூழ்கிப் பம்ப், சரியாக எர்த் செய்யாத கலக்கி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், எதை நிறுத்தும்போது எண் குதிக்கிறதோ அதுதான் ஆள். எர்த்தைச் சரிசெய்வதோடு, தண்ணீரைத் தொடும் கிரவுண்ட் பின் உள்ள சென்சாரும் இந்த இடத்தில் உதவும்.

இப்போது கேலிப்ரேஷன். உங்கள் காலை வேலைக்குக் கேலிப்ரேஷன் என்று பெயர் சொல்ல முடியாது. சென்சாரின் அழுக்கைக்கூடத் துடைக்காமல், பேனல் எண்ணைக் கைமீட்டர் எண்ணுக்கு நகர்த்துகிறீர்கள். 1.1 பிஎச் நகர்த்தினால் ஏறக்குறைய 65 மில்லிவோல்ட் பொய்யை டிரான்ஸ்மிட்டருக்குள் எழுதி வைத்ததாக ஆகும். மதியம் தண்ணீரோடு சேர்ந்து அழுக்குப் படலம் கொஞ்சம் கழன்று போனால், காலையில் எழுதிய பொய் அப்படியே எதிர்ப்பக்கம் நிற்கும். சாயங்காலம் மறுபடியும் தப்பு, மறுநாள் மறுபடியும் திருத்தம். சென்சாரின் உண்மை நிலை என்ன என்று யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

எண்ணைப் பொருத்துவதே கூடாது என்று சொல்லவில்லை. பஃபரில் இரண்டு புள்ளி கேலிப்ரேஷனை (7-இலும் இன்னொரு பஃபரிலும்) முறையாகச் செய்து முடித்தபின், டேங்கில் 0.1, 0.2 வித்தியாசம் இருந்தால் அதை ஆஃப்செட்டாகத் திருத்தலாம். அதற்கும் தண்ணீரை சென்சாருக்குப் பக்கத்திலேயே மொண்டு, அந்த நிமிஷமே அளக்க வேண்டும். 42 டிகிரியில் எடுத்த தண்ணீர் லேபுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும். தண்ணீரின் பிஎச்சே வெப்பத்தோடு மாறும், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்தும் இறங்கும். தானியங்கி வெப்பத் திருத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஸ்லோப்பை மட்டும்தான் திருத்துகிறது. தண்ணீரே மாறுவதை அது திருத்தாது.

முறையான வேலை இப்படி. சென்சாரை வெளியே எடுக்கும் முன் டிரான்ஸ்மிட்டரை ஹோல்டில் போடுங்கள் (கடைசி எண்ணிலேயே நிற்கும்), அல்லது டோசிங் பம்பை மேனுவலுக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு சென்சாரை 9.2 பஃபரில் வைத்தால், டேங்கில் பிஎச் 9.2 என்று பம்ப் நினைத்துக்கொண்டு நீங்கள் பொறுமையாகக் கேலிப்ரேட் செய்யும் நேரம் முழுக்க ஆசிட் கொட்டும். அது அடுத்துள்ள பயாலஜிக்கல் டேங்குக்குப் போனால் அங்கே பாக்டீரியா திரும்பத் தேற எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து சுத்தம் செய்வது. அதைக் கீழே சொல்கிறேன். சுத்தம் செய்த சென்சார் பஃபரின் வெப்பத்துக்கு வரட்டும். டேங்கிலிருந்து சூடாக எடுத்து உடனே 30 டிகிரி பஃபரில் விட்டால் எண் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆபரேட்டர் பொறுமையிழந்து ஓகே அமுக்கிவிடுவார். சாதாரணத் தண்ணீர் வாளியில் கொஞ்ச நேரம் விட்டால் சரியாகிவிடும்.

பிறகு பேனல் மெனுவில் எந்த பஃபர் பட்டியல் தேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். 4.01, 7.00, 10.01 என்று ஒரு பட்டியல் உண்டு, 4.01, 6.86, 9.18 என்று இன்னொன்று உண்டு. நம்மூரில் கிடைக்கும் கேப்சூல்கள் பெரும்பாலும் 4, 7, 9.2. பேனல் 10.01-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்க, நீங்கள் 9.2-ஐ வைத்தால் ஒன்று பிழை காட்டும், அல்லது கூசாமல் தப்பு ஸ்லோப்பை ஏற்றுக்கொள்ளும். பொருந்தவில்லை என்றால் மேனுவல் முறைக்குப் போய் எண்ணை நீங்களே கொடுங்கள், பஃபர் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் வெப்ப அட்டவணையைப் பார்த்து. 25 டிகிரியில் 9.18 இருப்பது 35 டிகிரியில் 9.10 ஆகிவிடும். நம்மூர் வெயிலில் லேப் 25 டிகிரியில் இருக்கும் என்று எந்த நம்பிக்கையில் சொல்வது?

முதலில் 7. டிஸ்டில்டு வாட்டரில் அலசி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் கண்ணாடியில் மின்னூட்டம் ஏறி எண் நிலைகொள்ள நேரமாகும். கொஞ்சம் பஃபரால் ஒருமுறை கழுவி ஊற்றிவிட்டு, புது பஃபரில் வையுங்கள். எண் ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றபின் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது பஃபர். உங்கள் தண்ணீர் 7-க்கும் 9-க்கும் நடுவே ஓடுவதால் 9.2 சரியானது. ஆனால் கார பஃபர் காற்றுப்பட்டாலே இறங்கும், அன்றன்றைக்குப் புதிதாகக் கரைத்தது வேண்டும். அது நம்பகமாக இல்லை என்றால் 7-உம் 4-உம் வைத்துக் கேலிப்ரேட் செய்துவிட்டு, புது 9.2-இல் சரிபார்த்துக்கொள்ளலாம். உபயோகித்த பஃபரைத் திரும்ப பாட்டிலில் ஊற்றாதீர்கள். சிக்கனம் என்று நினைத்து நிறையப் பேர் செய்கிறார்கள், ஒரு கேப்சூல் மிச்சமாகும், ஒரு பாட்டில் கெட்டுப்போகும்.

முடிந்ததும் பேனல் தரும் ஸ்லோப், ஆஃப்செட் இரண்டையும் எழுதி வையுங்கள். பழைய பேனல் அதைக் காட்டாவிட்டால் மில்லிவோல்ட் திரையைப் பார்த்து நீங்களே கணக்குப் போடலாம். 7-இல் மைனஸ் 8, 4-இல் பிளஸ் 160 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 168, மூன்று பிஎச்-க்கு வகுத்தால் 56. 30 டிகிரிக்குக் கணக்குப்படி 60.15 வர வேண்டும், ஆக 93 சதவீதம். நல்ல சென்சார்தான், ஓட்டலாம். ஆஃப்செட் 30 மில்லிவோல்டுக்குள் இருந்தால் கவலையே வேண்டாம். ஸ்லோப் 90 சதவீதத்துக்குக் கீழே வந்தால் சுத்தம் செய்து இன்னொரு முறை பாருங்கள். அதற்குப் பிறகும் 85-ஐத் தொட்டால் புதுசுக்கு ஆர்டர் கொடுங்கள்.

இந்த இரண்டு எண்களையும் தொடர்ந்து எழுதும் நோட்டு ஒன்று இருந்தால் பாதி பிரச்சினை அதிலேயே தெரிந்துவிடும். ஸ்லோப் நன்றாக இருந்து ஆஃப்செட் மட்டும் வாராவாரம் ஒரே பக்கம் போனால் ரெஃபரன்ஸ் விஷமாகிறது. ஆஃப்செட் அப்படியே இருந்து ஸ்லோப் மெல்ல மெல்ல இறங்கினால் கண்ணாடிக்கு வயசாகிறது. இரண்டும் நன்றாக இருந்தும் எண் நிலைக்கு வர ரொம்ப நேரம் எடுத்தால் மேலே படலம் பிடித்திருக்கிறது. சுத்தம் செய்வதற்கு முன் 7 பஃபரில் என்ன காட்டியது, செய்த பின் என்ன காட்டியது, இரண்டையும் எழுதுங்கள். முதல் எண்ணை யாரும் எழுதுவதில்லை, ஆனால் கடந்த வாரம் முழுக்க பேனல் எவ்வளவு தப்பாகக் காட்டியது என்று சொல்வது அது ஒன்றுதான். அந்த சென்சார் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆன்லைன் கண்காணிப்போடு இணைந்திருந்தால் இந்த நோட்டு இன்னும் அவசியம். 2016-இல் ஜவுளி ஆலைகளுக்கு வந்த விதிப்படி வெளியேறும் நீரின் பிஎச் 6.5 முதல் 8.5 வரை. 8.4-க்கும் 8.6-க்கும் நடுவே சென்சாரின் அழுக்கு மட்டுமே கூட நிற்கலாம்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? வாரம் ஒருமுறை சுத்தம் செய்து 7 பஃபரில் சரிபாருங்கள். 0.1, 0.15-க்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், கை துறுதுறுவென்று இருந்தாலும் கேலிப்ரேஷன் பட்டனைத் தொடாதீர்கள். தாண்டினால் மட்டும் இரண்டு புள்ளி. தினமும் திருத்துவதால் துல்லியம் கூடாது, ஒவ்வொரு முறையும் பஃபரின் பிழையும் கையின் பிழையும்தான் உள்ளே போகும்.

சுத்தம் செய்வதில் என்ன படிந்திருக்கிறது என்று பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை, துணிக்குப் போடும் மென்மையேற்றியின் படலம் என்றால் பாத்திரம் கழுவும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, மென்மையான பிரஷ்ஷால். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் படிவமும், ஃபெரஸ் சல்ஃபேட் போடும் இடங்களில் பிடிக்கும் செம்பழுப்பும் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் சில நிமிடங்களில் போய்விடும். கார்பனேட் படிவமாக இருந்தால் பொங்கிக் குமிழ் விடும், குமிழ் நின்றதும் எடுத்துவிடலாம். சாயக்கறை போகாவிட்டால் நீர்த்த ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட்) கொஞ்ச நேரம். ஹைப்போவையும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும். ஒன்றைச் செய்தபின் நன்றாக அலசிவிட்டுத்தான் மற்றது. கருத்த ஜங்ஷனுக்கு, ஆசிட்டில் தயோயூரியா கலந்த கரைசல் சென்சார் விற்பவரிடமே கிடைக்கும். ஜங்ஷன் வெளுக்கும்வரை ஊறவிடுங்கள். காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எல்லாம் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியவை. ஆனால் ஈடிபி-க்களில் வெறுங்கையோடுதான் இந்த வேலை நடக்கிறது, அதனால் சொல்கிறேன். கத்தி, ஸ்க்ரப்பர், உப்புத்தாள் எதுவும் கண்ணாடிப் பக்கம் வரக்கூடாது.

ஆசிட்டில் போட்டு எடுத்ததும் உடனே கேலிப்ரேட் செய்யாதீர்கள். ஜங்ஷனுக்குள் போன ஆசிட் வெளியேறும்வரை எண் நகரும். அரை மணி நேரமாவது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் விட்டு எடுங்கள். தனியாக வாங்க வேண்டியதில்லை, 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடை எடுத்து மொத்தம் 100 மில்லி வரும்படி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்தால் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் இந்தக் கரைசல்தான் வேண்டும். ஆர்ஓ தண்ணீர் சுத்தமானது, அதனாலேயே அது சென்சாருக்கு ஆகாது. சென்சாருக்குள் உப்பு நிறைய, வெளியே உப்பே இல்லை. ஒரு நாள் முழுக்க உள்ளே உள்ள உப்பு ஜங்ஷன் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் மூன்று மாதக் கணக்கில் இந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்சாரோடு வந்த ரப்பர் மூடியில் கொஞ்சம் கரைசல் விட்டு மாட்டினால் போதும், பீக்கர்கூட வேண்டாம். மூடி தொலைந்துவிட்டதா, அவசரத்துக்கு 4 பஃபரில் வையுங்கள். அதுவும் இல்லையா, டேங்கிலேயே நனைந்தபடி விட்டுவிடுங்கள், ஆர்ஓ தண்ணீரைவிட மேல். காய மட்டும் விடக்கூடாது. காய்ந்துபோனதைக் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்தால் சில சமயம் உயிர் வரும், ஆனால் பழைய வேகம் இருக்காது.

பேனல் தொடர்ந்து 7.0 காட்டுவதைப் பார்த்து மகிழ்ச்சியடையாதீர்கள். ஓர் ஆலையில் டேங்க் 7.0-இலேயே நிற்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி. சென்சாரை வெளியே எடுத்தால் குமிழே இல்லை, எப்போதோ உடைந்திருந்தது. கண்ணாடி உடைந்தாலும் கேபிள் ஷார்ட் ஆனாலும் வருவது பூஜ்ய மில்லிவோல்டை ஒட்டித்தான், பேனல் அதை 7 என்று படிக்கும். 4-இலும் 9.2-இலும் ஒரே எண் வந்தால் சந்தேகமே வேண்டாம். குறை சென்சாரிலா டிரான்ஸ்மிட்டரிலா என்று பார்க்க, சென்சார் வயரைக் கழற்றிவிட்டு, கிளாஸ், ரெஃபரன்ஸ் என்று குறித்த இரண்டு டெர்மினல்களையும் ஒரு சின்ன வயரால் இணைத்துவிடுங்கள். பிஎன்சி கனெக்டர் என்றால் நடு ஊசித்துளைக்கும் வெளி உலோகத்துக்கும் ஒரு ஜெம் கிளிப் போதும். பேனல் 7-ஐ ஒட்டிக் காட்டி அசையாமல் நின்றால் டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் நல்லது. முன்பு எழுதிய ஆஃப்செட் இருந்தால் அந்த அளவு தள்ளிக் காட்டும், அதைப் பிழை என்று நினைக்க வேண்டாம். பிஎல்சி-யில் (பம்புகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வேறு எண், பேனலில் வேறு எண் என்றால், பேனல் அதற்கு அனுப்பும் 4–20 மில்லிஆம்ப் சிக்னலின் ரேஞ்சைப் பாருங்கள். 0 முதல் 14 வரை வைத்திருந்தால் பிஎச் 7-க்கு 12 மில்லிஆம்ப் வர வேண்டும்.

பட்டறையில் வேறு இரண்டு இடங்களுக்கும் இதே சென்சாரை மாட்ட நினைத்தால் யோசியுங்கள். மெர்சரைசிங் (துணிக்குப் பளபளப்பு ஏற்றும் வேலை) காஸ்டிக் ஓடும் லைனில் பிஎச் 12-க்கு மேல் போகும்போது, சோடியத்தையும் ஹைட்ரஜன் என்று கண்ணாடி எண்ணிக்கொள்ளும், உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதற்கு உயர்காரக் கண்ணாடி உள்ளது தேவை. ஆர்ஓ-விலிருந்து வெளிவரும் நீரில் உப்பே இல்லாததால் எண் அலைந்துகொண்டே இருக்கும். அதற்குக் குறைந்த கடத்துதிறனுக்கென்றே செய்த சென்சாரும் மெதுவான ஒரே சீரான ஓட்டமும் வேண்டும். ஆர்ஓ-வுக்குள் போகும் நீர் மட்டும் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும் முறைதான் திருப்பூரில் வழக்கம். தப்பாக அளந்த பிஎச் எங்கும் போய்விடாது, ஆர்ஓ மெம்பிரேனில் (வடிகட்டும் சவ்வில்) படிவமாக வந்து நிற்கும்.

புது சென்சார் வரும்போது மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது கசிவுக் குறை இல்லை, கழுவினால் போய்விடும். குமிழுக்குள் காற்று இருந்தால் காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசத் தெர்மாமீட்டரை உதறுவதுபோல் கீழ்நோக்கி உதறினால் இறங்கிவிடும். சாதாரண வெப்பத்தில், நான் சொன்னபடி பார்த்துக்கொண்டால், ஈடிபி-யில் ஒரு வருஷம் ஓட்டுவது பெரிய விஷயமில்லை. 70, 80 டிகிரித் தண்ணீரில் வைத்தால் மாதக்கணக்கில்தான் ஆயுள், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. விலை குறைவாகக் கிடைக்கிறது என்று ஒரேயடியாக ஐந்தாறு வாங்கி ஸ்டோரில் அடுக்க வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் வயசாகும், மூடியில் இருக்கும் கரைசலும் காயும். கையில் ஒன்று ஸ்பேர் போதும். வாங்கும்போது சென்சாரின் மேல் அச்சிட்ட தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், வருஷம் தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.